எத்தனை லிட்டர் போர்டு? சர்ஃபிங் தொடங்குகிறவர்களுக்கான கணக்கு

கட்டுமரத்தை எல்லாருக்கும் ஒரே அளவில் கட்டமாட்டார்கள். ஓர் ஆள் போய்வர மூன்று மரம் போதும். ஆளும் வலையும் கூடினால் ஐந்து, ஏழு என்று மரம் சேரும். மரம் குறைந்துபோனால் மேலே உட்காருகிறவர் தண்ணீரிலேயே உட்கார்ந்திருப்பார், துடுப்பு எத்தனை போட்டாலும் நகர்வது தெரியாது. சர்ஃபிங் போர்டில் ‘வால்யூம்’ என்று பேசப்படுவதும் இதே கணக்குதான். போர்டைத் தண்ணீருக்குள் முழுக்க அமுக்கினால் எத்தனை லிட்டர் தண்ணீர் விலகி வழிவிடுமோ அதுவே அந்த போர்டின் வால்யூம். 40 என்று எழுதியிருந்தால் 40 லிட்டர்.

முதல் போர்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் லிட்டரைக் குறைத்து வாங்கித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தபோது கரையில் நின்றவர்களின் கண்ணில் பட்டதெல்லாம் ஆறடியை ஒட்டிய மெல்லிசான போர்டுகள். அந்த ரகம் பெரும்பாலும் 24 முதல் 30 லிட்டருக்குள் இருக்கும். அதை ஓட்டுகிறவர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் கடலில் கிடப்பவர்கள். அதே போர்டை 80 கிலோ எடையுள்ள புதியவர் வாங்கினால் அலை பிடிக்கவே முடியாது. தனக்கு இந்த விளையாட்டு வராது என்று ஆறு மாதத்தில் விட்டுவிடுவார். குற்றம் அவரிடம் இல்லை, லிட்டரில் இருக்கிறது.

லிட்டர் எந்த இடத்தில் உதவுகிறது?

கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ. ஆகவே 35 லிட்டர் போர்டு முழுக்க அமிழ்ந்தால் 36 கிலோவைத் தாங்கும். அதன் சொந்த எடை 3 கிலோவைக் கழித்தால் மிச்சம் 33. மேலே 75 கிலோ ஆள் படுத்தால் மீதி 42 கிலோவை எது தாங்கும்? அவருடைய உடம்புதான். வயிறும் தொடையும் தண்ணீருக்குள் இறங்கி அந்தப் பாரத்தை ஏற்றுக்கொள்ளும். உள்ளே இறங்கிய உடம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகவேண்டியிருப்பதால் கை எவ்வளவு வலித்தாலும் வேகம் வராது.

அதே ஆள் 8 அடி சாஃப்ட் டாப் போர்டில், அதாவது மேல்பக்கம் மெத்தென்ற நுரையால் ஆன போர்டில், படுக்கட்டும். அது சுமார் 80 லிட்டர், 6 அல்லது 7 கிலோ எடை. தாங்கும் திறன் 82, அதில் போர்டின் எடை போனால் 75. ஆள் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீருக்கு மேலேயே இருப்பார். கற்றுக்கொள்கிறவருக்கு ‘கிலோவுக்கு ஒரு லிட்டர்’ என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

எழுந்து நின்ற பிறகு கதை வேறு. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் விசிறினால் மூழ்காமல் தத்தித் தத்திப் போகிறதல்லவா, அதைப்போல வேகம் எடுத்த போர்டை அடியில் மோதும் தண்ணீரே தூக்கிப் பிடிக்கும். அந்த நேரத்தில் லிட்டருக்கு வேலை குறைவு. தேர்ந்தவர்கள் 27 லிட்டரில் சமாளிப்பது இதனால்தான்: அவர்கள் தோளில் பலம் இருக்கிறது, அலை உடையும் இடம் தெரியும், நாலு கை போட்டாலே வேகம் வந்துவிடும். உங்களுக்கு லிட்டர் வேண்டியது கைபோடுவதற்கும் (படுத்தபடி கையால் தண்ணீரைத் தள்ளி நகர்வதற்கும்), அலையைச் சீக்கிரமே பிடிப்பதற்கும், எழும்போது ஆடாமல் இருப்பதற்கும்.

முதலில் எடை, அப்புறம் எந்தப் படி

எடையை இன்று பாருங்கள். போன வருஷம் எடுத்ததும், அடுத்த மாதம் குறைக்கப்போவதும் கணக்கில் சேராது. கடலில் அணியும் ஆடையுடன் முழுக் கிலோவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது. எத்தனை வருஷமாகக் கடலுக்குப் போகிறீர்கள் என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ‘அலையை எனக்கு யார் பிடித்துத் தருகிறார்கள்?’ என்று கேளுங்கள். பின்னாலிருந்து பயிற்சியாளர் தள்ளிவிட்டால் மட்டுமே எழுகிறீர்கள் என்றால், எவ்வளவு அழகாக நின்றாலும் முதல் படிதான்.

முதல் படி: உடைந்து வரும் வெள்ளை நுரையில் நிற்கப் பழகுகிறவர். எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.0 முதல் 1.2 லிட்டர்.

இரண்டாம் படி: உடையாத பச்சை அலையைச் சில நேரம் தானே பிடித்து, நேராகவோ கொஞ்சம் பக்கவாட்டிலோ போகிறவர். 0.75 முதல் 0.9.

மூன்றாம் படி: முயன்ற பத்து அலையில் ஐந்தாறையாவது தானே பிடித்து, வலம் இடம் இரண்டு பக்கமும் அலையின் முகத்தோடு ஓடி, கீழே இறங்கித் திரும்பி மேலே ஏறத் தெரிந்தவர். 0.52 முதல் 0.65.

நான்காம் படி: வேகத்தைத் தானே உண்டாக்கி, அலையின் உச்சியில் போர்டைத் திருப்பத் தெரிந்தவர். 0.40 முதல் 0.48. போட்டிகளில் இறங்குகிறவர்கள் 0.34, 0.38 என்று இதற்கும் கீழே போவார்கள்.

எடையை இந்த எண்ணால் பெருக்குங்கள். இரண்டு படிக்கு நடுவில் நிற்பதாகத் தோன்றினால் கூடுதல் லிட்டர் வரும் படியையே எடுங்கள். லிட்டர் கொஞ்சம் கூடிப்போனால் திரும்புவது மந்தமாகும், அவ்வளவுதான். குறைந்துபோனால் அலையே கிடைக்காது.

உடம்புக்கும் கடலுக்கும் திருத்தம்

இந்த எண் சராசரி உடற்தகுதி உள்ளவருக்கானது. உங்கள் உடம்பு எப்படி என்று தெரிந்துகொள்ள மூன்று சோதனை போதும், மூன்றையும் கடலுக்குப் போகாமலே செய்யலாம்.

முதலாவது, நீச்சல் குளத்தில் நிற்காமல் 200 மீட்டர் கைவீசி நீந்துங்கள். மூச்சு வாங்கலாம், பரவாயில்லை. பாதியில் சுவரைப் பிடித்து நின்றால் லிட்டரில் 5 சதவீதம் கூட்டுங்கள். (அந்த 200 மீட்டரை நின்று நின்றும் சமாளிக்கவே முடியாதவர் போர்டு வாங்குவதை ஒத்திப்போட்டு முதலில் நீச்சலைச் சரிசெய்வது நல்லது. போர்டையும் காலையும் இணைத்துக் கட்டிய கயிறான லீஷ் அறுந்தால் கரைவரை நீந்தியாக வேண்டும்.)

இரண்டாவது, தரையில் குப்புறப் படுத்து, கையை ஊன்றாமல் நெஞ்சை மட்டும் தூக்கி இரண்டு நிமிடம் அப்படியே இருங்கள். யோகா செய்கிறவர்களுக்கு இது பழகியது. கைபோடும்போது உடம்பு இருக்கும் நிலை இதுதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு ஒரு நிமிடத்திலேயே இடுப்பு கெஞ்சும். கடலில் அப்படிக் கெஞ்சும்போது நெஞ்சு தானாக இறங்கிவிடும், பாரம் முன்னால் போகும், போர்டின் முன்முனையான நோஸ் தண்ணீரில் குத்தும். தாக்குப்பிடிக்கவில்லை என்றால் இன்னொரு 5 சதவீதம்.

மூன்றாவது, அதே குப்புற நிலையிலிருந்து முழங்காலைத் தரையில் ஊன்றாமல் ஒரே வீச்சில் எழுந்து நில்லுங்கள், பத்து முறை. கடைசி மூன்றில் முழங்கால் தட்டினால் லிட்டரைக் கூட்டுவதைவிட அகலமான போர்டாகப் பார்த்து எடுப்பது பலன் தரும். கால் ஊன்ற இடமும், தப்பாக ஊன்றினாலும் கவிழாத நிதானமும் அகலத்தில்தான் இருக்கிறது.

மாதத்துக்கு இரண்டு தடவைக்குமேல் கடலுக்குப் போக முடியாதவர்கள் 5 சதவீதம் கூட்டவேண்டும். வயது 40 தாண்டினால் 5, 50 தாண்டினால் 10. தினமும் நீந்துகிறவர்களும் சின்ன வயதிலிருந்து கடலில் கிடப்பவர்களும் 5 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து 20 சதவீதத்தைத் தாண்டவேண்டாம். அதற்குமேல் போனால் போர்டைத் தூக்குவதே பெரும்பாடாகிவிடும்.

கடலையும் பாருங்கள். தமிழகக் கரையில் நல்ல அலை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கிலிருந்து வருகிறது. காலையில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கும்போது அலை சீராக நிற்கும், பகல் ஏற ஏறக் கடற்காற்று வந்து அதைக் கலைத்துவிடும். பருவம் முடிந்து முழங்கால் உயரத்துக்குச் சோம்பலாக வரும் அலைகளுக்குத் தள்ளும் சக்தி குறைவு. இப்படிப்பட்ட நாட்களில் மட்டும் போக முடிகிறவர் 5 சதவீதம் கூட்டட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கொந்தளிப்பில் புதியவருக்கு எந்த லிட்டரும் உதவாது, கரையில் இருங்கள்.

நம் கடலில் வெட்சூட், அதாவது குளிர் தாங்க அணியும் ரப்பர் உடை, தேவைப்படாது. லண்டனிலோ மெல்பர்னிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் தடித்த வெட்சூட்டுக்காக இன்னும் 5 சதவீதம் சேர்க்கவேண்டும். நனைந்த சூட்டின் எடை ஒரு காரணம். கை ஒவ்வொரு தடவை சுழலும்போதும் தோளில் அந்த ரப்பர் இழுத்துப் பிடிப்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்று உடம்பு, மூன்று கணக்கு

சென்னையில் கணினி வேலை பார்க்கும் 34 வயதுக்காரர், 78 கிலோ. மாதத்தில் இரண்டு ஞாயிறு கோவளம் போகிறார். பச்சை அலை எப்போதாவது மாட்டுகிறது, மற்ற நேரம் தள்ளிவிட ஆள் வேண்டும். இரண்டாம் படியின் மேல் முனையை ஒட்டி: 78 × 0.85 = 66. எப்போதாவது போவதற்கு 5, இடுப்புச் சோதனையில் தோற்றதற்கு 5, ஆக 10 சதவீதம் கூட்டினால் 73 லிட்டர். 9 அடி லாங்போர்டு ஒன்று சுமார் 70 லிட்டர் வரும், 8 அடி சாஃப்ட் டாப் சுமார் 80. இரண்டுமே சரி. ஓட்டுவதற்கு 9 அடி சுகமானது, ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டுக்குள் அது நுழையாது. மூன்றாம் மாடிவரை படியில் திருப்பித் திருப்பி ஏற்றவேண்டியிருந்தால் 8 அடியே தேவலை.

இரண்டாமவர் 52 கிலோ எடையுள்ள 27 வயதுப் பெண், இப்போதுதான் தொடங்குகிறார். 52 × 1.1 = 57. அதாவது 7 அடி சாஃப்ட் டாப். பயிற்சிப் பள்ளிகளில் எல்லாருக்கும் பொதுவாக 8 அடியையே நீட்டுவார்கள். முதல் இரண்டு மூன்று வகுப்புக்கு அது நல்லதுதான், கூடத் தூக்க ஆள் இருக்கும், ஆட்டமும் குறைவு. சொந்தமாக வாங்கும்போது அந்த 8 அடி போர்டின் 23 அங்குல அகலம் இவர் கைக்கு அடங்காது. இருபுறமும் தோள் விரிந்து, முழங்கையின் உள்பக்கம் போர்டின் ஓரத்தில் உரசி, அரைமணியில் தோல் வழண்டுவிடும். லிட்டர் தேவைக்குமேல் இருந்தும் வேகம் வராததற்கு இந்த அகலம்தான் காரணம்.

மூன்றாமவர் மீனவக் குடும்பத்துப் பையன், 19 வயது, 58 கிலோ. நீச்சல் மூச்சுவிடுவது மாதிரி. ஒரே பருவத்தில் மூன்றாம் படிக்கு வந்துவிட்டான். 58 × 0.55 = 32, அதில் 5 சதவீதம் குறைத்தால் 30. கணினிக்காரரும் இவனும் ஒரே நாளில் தொடங்கியிருக்கலாம். இவன் கையிலிருக்கும் 30 லிட்டரைப் பார்த்து அவர் ஆசைப்பட்டால் முடிந்தது.

ஒரே லிட்டர், வேறு வேறு போர்டு

எண் கிடைத்ததும் கடைக்குப் போய் ‘45 லிட்டரில் ஒன்று கொடுங்கள்’ என்று கேட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆறடியில் அகலமான ஃபிஷ் போர்டும் 45 லிட்டருக்குக் கிடைக்கும், மிட்-லெங்த் எனப்படும் நடுத்தர நீள ஏழடி போர்டும் 45 லிட்டரில் இருக்கும். இரண்டும் தண்ணீரில் அண்ணன் தம்பி மாதிரிகூட நடந்துகொள்ளாது.

நீளம் கூடினால் கைபோடும்போது வழுக்கிக்கொண்டு நேராகப் போகும், அலையைச் சீக்கிரம் பிடிக்கும். அகலம் நிதானத்தைத் தரும். தடிமன் லிட்டரை மலிவாக ஏற்றித்தரும், சிக்கலும் அங்கேதான். குட்டையான போர்டில் மூன்று அங்குலத்துக்குமேல் தடிமன் வைத்து லிட்டரை நிரப்பினால், உங்கள் உடம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கலாக நின்று பந்துமேல் படுத்தது மாதிரி உருளும். திரும்பும்போது தடித்த ரெயில், அதாவது போர்டின் ஓரவிளிம்பு, தண்ணீரில் இறங்காமல் துள்ளி வெளியே வரும். முதல் இரண்டு படியில் இருப்பவர்கள் லிட்டரை நீளத்திலும் அகலத்திலும் தேடட்டும். 2½ முதல் 3¼ அங்குலத் தடிமனுக்குள் நின்றால் போதும்.

ராக்கர் என்னும் வளைவையும் கவனியுங்கள். போர்டைத் தரையில் அடிப்பக்கம் கீழாக வைத்து, பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நோஸ் வாழைப்பழம் மாதிரி மேலே வளைந்திருந்தால் செங்குத்தான அலைக்கானது. அதே லிட்டரில் தட்டையாகக் கிடக்கும் போர்டு நம் கரையின் சின்ன அலையில் இரண்டு மடங்கு அலை பிடித்துத் தரும் என்று சொன்னால் மிகை அதிகமில்லை.

போர்டின் உள்ளே நிரம்பிய நுரையின் பெரும்பகுதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நெஞ்சுக்கு அடியில் திரண்டிருந்தால் கைபோட உதவும். பின்காலுக்கு அடியில் திரண்டிருந்தால் பின்முனையான டெயிலை அமுக்கித் திருப்புவது கடினம்.

பொருள் விஷயத்தை நீட்டவேண்டியதில்லை: எபாக்சி பிசின் பூசிய இபிஎஸ் (தெர்மாகோல் வகை) நுரை போர்டு எடை குறைவு, தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தூக்கலாக நிற்கும். பியூ (பாலியூரிதேன்) நுரை போர்டு சற்றுக் கனம், காற்றில் நிதானமாக ஓடும். சாஃப்ட் டாப் தலையில் பட்டால் வலி குறைவு. தொடங்குகிறவருக்கு இந்தக் கடைசி விஷயமே போதும்.

எழுதியிருக்கும் அளவைப் படிப்பதும், எழுதாததை அளப்பதும்

போர்டின் அடிப்பக்கம் நடுவில் ஓடும் மரக்கீற்றை ஒட்டிப் பென்சிலாலோ அச்சாகவோ அளவு இருக்கும். 7'0" × 21¼" × 2¾" என்று இருந்தால் நீளம் ஏழடி, அகலம் இருபத்தொன்றேகால் அங்குலம், தடிமன் இரண்டேமுக்கால். அதற்கடுத்த எண்தான் லிட்டர். கணினியில் வடிவமைக்கும் முறை பரவிய பிறகுதான் லிட்டரையும் எழுதும் வழக்கம் வந்தது. பழைய போர்டுகளிலும் கையால் செதுக்கியவற்றிலும் அது இருக்காது, நீங்களே கணக்குப் போடவேண்டும்.

நீளத்தை அங்குலமாக்கி மூன்றையும் பெருக்குங்கள்: 84 × 21.25 × 2.75 = 4909 கன அங்குலம். லிட்டராக்க 61ஆல் வகுங்கள்: 80.5. இது முழுச் செவ்வகப் பெட்டியின் கொள்ளளவு. போர்டு பெட்டி அல்ல, இரண்டு முனையும் குறுகி, ஓரம் மெலிந்திருக்கும். ஆகவே வடிவத்துக்கேற்ற ஒரு பின்னத்தால் பெருக்கவேண்டும். கூர்நோஸ் ஷார்ட்போர்டுக்கு 0.54, மிட்-லெங்த்துக்கு 0.56, லாங்போர்டுக்கு 0.58, மழுங்கிய நோஸும் தடித்த ஓரமும் உள்ள சாஃப்ட் டாப்புக்கு 0.68 முதல் 0.70. நம் ஏழடி மிட்-லெங்த்துக்கு 80.5 × 0.56 = 45 லிட்டர். ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் இருக்கும், முடிவெடுக்க இது போதும்.

தடிமன் அளக்கும்போதுதான் பலர் சறுக்குவார்கள். ஓரத்தில் அளவுகோலை வைத்தால் மெலிந்த ரெயிலின் அளவு வரும், அதை நம்பினால் கணக்கு பத்து லிட்டர் குறையும். இரண்டு நேரான மரக்கோல்களை எடுத்து, ஒன்றைப் போர்டின் மேலும் மற்றொன்றை அதற்கு நேர் கீழேயும் நடுப்பகுதியில் குறுக்காக வையுங்கள். ரெயிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கோல்களுக்கு இடையிலுள்ள தூரத்தை இருபுறமும் அளந்து சராசரி எடுத்தால் அதுதான் தடிமன்.

பழைய போர்டு வாங்குகிறவர்கள் கூடவே ஒரு தராசும் கொண்டுபோகவேண்டும். கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள், நீர் குடித்த மரம் மிதவையை இழக்கும் என்பதால். போர்டும் அப்படித்தான். விரிசல் வழியே உள்ளே போன தண்ணீர் நுரையில் தங்கிவிடும். எழுதியிருக்கும் லிட்டர் மாறாது, ஒன்றிரண்டு கிலோ கூடியிருக்கும். அடிப்பக்கத்தில் மீனின் துடுப்பு போல நிற்கும் ஃபின்னைப் பொருத்தும் குழிகளைச் சுற்றி விரல்நுனியால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினாலோ, ஈரம் கசிந்தாலோ விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். மேல்பக்கமான டெக்கில் குமிழ் தூக்கியிருந்தால் வெயிலில் வெந்த போர்டு அது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மதியம் வைத்தாலே இபிஎஸ் நுரை உப்பி மேல்தோல் பிரிந்துவிடும். புதிது வாங்கியவர்களும் இதை மறக்கவேண்டாம். ஓலைக்கொட்டகை நிழலே போர்டுக்கு நல்ல இடம்.

வாங்குவதற்கு முன் தண்ணீரில் பாருங்கள்

கணக்கில் வந்த லிட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு போர்டை வாடகைக்கு எடுத்து ஒரே காலையில் மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். அலை உடையாத இடத்தில் முதலில் படுங்கள். கால் இரண்டும் சேர்ந்து டெயிலின் பக்கம் இருக்கட்டும், முகவாய் நேராக, நெஞ்சு தூக்கி. நோஸ் தண்ணீருக்கு மேலே இரண்டு முதல் நான்கு அங்குலம் நிற்கவேண்டும். ஓர் அங்குலம் முன்னும் பின்னும் நகர்ந்து இடத்தைச் சரிசெய்த பிறகும் நோஸும் டெயிலும் சேர்ந்தே அமிழ்ந்து, மார்பைச் சுற்றித் தண்ணீர் தளும்பினால் முதல் இரண்டு படிக்காரருக்கு லிட்டர் போதாது. நோஸ் மட்டும் அமிழ்ந்தால் நீங்கள் முன்னால் தள்ளிப் படுத்திருக்கிறீர்கள். நோஸ் ஆறேழு அங்குலம் தூக்கி நின்றால் பின்னால் கிடக்கிறீர்கள். இந்த இரண்டிலும் போர்டைக் குறைசொல்லி மாற்றவேண்டாம், நோஸ் சரியாக நிற்கும்போது முகவாய் எந்த இடத்துக்கு நேராக வருகிறதோ அங்கே கால் வழுக்காமலிருக்கப் பூசும் வேக்ஸால் ஒரு கோடு இழுத்துக்கொண்டால் அடுத்த தடவை தேடவேண்டியதில்லை.

பிறகு கைபோடுங்கள். இருபது வீச்சு போட்டு நிறுத்துங்கள். போர்டு தானாக இன்னும் ஓர் உடல் நீளமாவது வழுக்கிப் போகவேண்டும். நிறுத்தியதுமே பிரேக் போட்டது மாதிரி நின்றால் உடம்பு தண்ணீரில் இழுபடுகிறது என்று பொருள்.

அடுத்து உட்காருங்கள். முதல் படிக்கான போர்டில் தண்ணீர் தொடையளவில் நிற்கும், மூன்றாம் படியில் தொப்புள் அளவில், தேர்ந்தவர்களின் போர்டில் நெஞ்சுவரை.

கடைசியாக அலை. பத்துத் தடவை முயலுங்கள், எத்தனை பிடித்தீர்கள் என்று மனதில் எண்ணுங்கள். மூன்றுக்குக் கீழே என்றால் அடுத்த பெரிய போர்டுக்குப் போங்கள். இங்கே பலர் நோயைத் தப்பாகப் பிடிப்பார்கள். எழும்போதெல்லாம் நோஸ் குத்திக் கவிழ்கிறது, ஆகவே எழும் முறையில்தான் பிழை என்று நினைத்து வீட்டில் நூறு தடவை பழகுவார்கள். லிட்டர் குறைந்த போர்டில் வேகம் வராததால் அலையைத் தாமதமாகப் பிடிக்கிறோம். அதற்குள் அலை செங்குத்தாகிவிடுகிறது, சுவரிலிருந்து இறங்குவது போல இறங்கவேண்டியிருக்கிறது. பத்து லிட்டர் கூட்டினால் அதே ஆள் அதே அலையை இரண்டு நொடி முன்னதாக, சரிவாக இருக்கும்போதே பிடித்து, நிதானமாக எழுவார்.

பெரிய போர்டுக்கும் தொல்லை உண்டு, மறைப்பானேன். உங்கள் எடையில் பாதிக்குமேல் லிட்டர் இருந்தால் வரும் அலைக்கு அடியில் போர்டை அமுக்கிப் புகுந்து வெளியேறுவது நடக்காது. புரண்டு போர்டுக்கு அடியில் தொங்கி, ஓரங்களை இறுகப் பிடித்து, அலை மேலே போனதும் மறுபடி புரளவேண்டும். முதல் வாரத்திலேயே இதைப் பழகிக்கொள்ளுங்கள். அலையைக் கண்டு பயந்து போர்டைக் கைவிட்டுத் தண்ணீருக்குள் முங்கினால் போர்டு நீளமும் லீஷ் நீளமும் சேர்ந்து பதினாறு அடி தூரத்துக்குள் இருக்கும் எல்லார் தலைக்கும் ஆபத்து. லீஷ் போர்டின் நீளமே இருக்கவேண்டும், ஓர் அடி கூடினாலும் சரி. கரையில் மடிந்து உடையும் அலையில் பெரிய போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவே பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அலை அதைத் தூக்கி உங்கள் முழங்காலில் அடிக்கும்.

இலங்கையின் அறுகம்பைக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்கவேண்டும். அங்கே வலப்பக்கம் நீளமாக ஓடும் அலை. ஓட்டி முடித்து மறுபடி அலை தொடங்கும் முனைக்குக் கைபோட்டுத் திரும்புவதே பெரிய வேலை, ஆகவே ஐந்து லிட்டர் கூடுதலாக இருப்பது நல்லது. ஆனால் பாறைமேல் உடையும், கூட்டம் நெரியும் பிரதான முனைக்கு 80 லிட்டர் சாஃப்ட் டாப்போடு போகவேண்டாம். புதியவர்களுக்கு உள்ளே இருக்கும் பேபி பாயிண்ட் இருக்கிறது.

எப்போது லிட்டரைக் குறைப்பது?

மூன்று அறிகுறி சேர்ந்து தெரியவேண்டும். பத்து முயற்சியில் ஏழு அலை மாட்டுகிறது. எழும்போது கையும் காலும் எங்கே போகின்றன என்று யோசிப்பதில்லை. எழுவதற்கு முன்பே வலமா இடமா என்று முடிவெடுத்து அந்தப் பக்கம் போகிறீர்கள், ஆனால் அமுக்கித் திருப்பினால் போர்டு கேட்கமாட்டேன் என்கிறது. மூன்றில் இரண்டுதான் இருக்கிறது என்றால் இன்னும் ஒரு பருவம் பழைய போர்டே.

சாஃப்ட் டாப்பிலிருந்து முதல் கெட்டிப் போர்டுக்கு மாறும்போது நாலில் ஒரு பங்குவரை குறைக்கலாம். 82 லிட்டரில் இருந்த 75 கிலோ ஆள் லாங்போர்டின் குட்டை வடிவமான 8 அடி மினி-மாலுக்கு, சுமார் 62 லிட்டருக்கு வரலாம். அடுத்து 7'6" சுமார் 53. அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்குக்குமேல் குறைக்கவேண்டாம், ஒரே தடவையில் லிட்டரையும் நீளத்தையும் வடிவத்தையும் மாற்றவும் வேண்டாம். மாற்றிய முதல் ஐந்தாறு நாள் அலை எண்ணிக்கை குறையும், அது இயல்பு. பத்து நாள் கழித்தும் பழைய எண்ணிக்கையில் பாதிகூட வரவில்லை என்றால் குறைத்தது அதிகம்.

பழைய சாஃப்ட் டாப்பை விற்றுவிடாதீர்கள். பருவம் முடிந்து கடல் குளம் மாதிரி கிடக்கும் மாதங்களில் முழங்கால் அலையை அது ஒன்றுதான் பிடிக்கும். வேக்ஸைச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, ஃபின்களைக் கழற்றி நிழலில் படுக்கவைத்தால் அடுத்த ஜனவரிக்கு உதவும்.